முள் காட்டிய எண்

டயரில் காற்று குறைய ஓட்டை விழ வேண்டும் என்று அவசியமில்லை. குளிர் போதும். ஆறு டிகிரி இறங்கினால் ஒரு பவுண்டு குறையும், ஏறத்தாழ. இந்த மாகாணத்தில் கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தபடி நடக்கிறவர்கள்தான் குறைவு. உள்ளே வரும்போது உங்கள் வண்டியைப் பார்த்தேன், கான்ஸ்டபிள். முன்பக்கம் இடது டயர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிறது. நாம் பேசி முடித்ததும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் இந்த ஊருக்கு வந்து அதிக நாளாகவில்லை. அதனால் என்னைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். நெஸ்டர் குசிக். ரிட்டயர் ஆகும்வரை முனிசிபாலிட்டியில் பனி வழிக்கிற கிரேடர் ஓட்டினேன். பள்ளத்தில் விழுந்த எத்தனையோ கார்களைச் சங்கிலி போட்டு இழுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில் ஒரு இளம் டீச்சர் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தபடி விறைத்துப்போயிருந்தாள். அந்த முகத்தை ஒரு முறை பார்த்தவன் சும்மா இருக்க மாட்டான். குளிர்காலம் தொடங்கியதும் என் கம்ப்ரஸரை வாசலுக்கு இழுத்து வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே காற்றடித்துக் கொடுக்கிறேன். சர்ச்சில் கேளுங்கள், காலையில் பெரிசுகள் கூடிக் காபி குடிக்கிற கூட்டுறவுக் கடையில் கேளுங்கள். நெஸ்டர் யாருக்கும் கெடுதல் நினைக்காதவன் என்றுதான் சொல்வார்கள்.

என் மனைவி லூபாவின் காரையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூடக் குனிந்து டயரைத் தொட்டதில்லை. நான் தொட விட்டதில்லை.

முதல் தடவை நான் எதுவும் செய்யவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கராஜில் ஹீட்டர் உண்டு. அந்தச் சூட்டில் முப்பத்தைந்து பவுண்டு அடித்தால், வெளியே உறைகுளிரில் நிறுத்தியதும் இருபத்தேழுக்கு வந்துவிடும். அதனால் உள்ளே அடிக்கும்போதே ஏழெட்டு பவுண்டு கூடப் போட வேண்டும். வருடா வருடம் போட்டேன். ஒரு வருடம் போடவில்லை. இருப்பதை எடுப்பது வேறு, சேர்க்காமல் விடுவது வேறு.

அப்போது லூபா பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்த்தாள். காற்று வடக்கிலிருந்து அடிக்க ஆரம்பிக்கிறது, நாளைக்குப் போகாதே என்று முந்தின நாளே சொன்னேன்.

"நான் போகலேன்னா அந்தப் பெரிசுங்களுக்குக் கஞ்சி யாரு காய்ச்சுவா? நீயா?" என்று சிரித்தாள்.

மறுநாள் கேட்டைத் தாண்டியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. நடுவில் ஆச்சரியக்குறி போட்டிருக்குமே, அந்த விளக்கு. அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நெஸ்டர், லைட் எரியுது. டயர்ல என்னமோ ஆயிடுச்சு."

"குளிரு, வேற ஒண்ணுமில்ல. ஆனா இந்த டயரோட ஹைவேல ஏறாத."

அன்று ஹைவேயில் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து, பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. ரேடியோவில் கேட்டோம். லூபா சூப் கிண்டிக்கொண்டிருந்த கரண்டியை வைத்துவிட்டு வந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நீ மட்டும் இல்லேன்னா இந்நேரம் நானும் அதுல கெடந்திருப்பேன்" என்றாள். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. பல வருடங்களாக அவள் என்னிடம் அப்படி வந்து நின்றதில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அதற்குப் பிறகு, சேர்க்காமல் விடுவது மட்டும் போதவில்லை. குளிர் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில சமயம் அவள் போகிற நாளில் வெயில் வந்து கெடுத்துவிடும். வால்வு மூடியைக் கழற்றி, வீட்டுச் சாவியின் நுனியால் உள்ளே இருக்கிற பின்னை அழுத்தினால் போதும். தூங்குகிறவன் பல்லிடுக்கில் மூச்சு விடுவது மாதிரி ஒரு சத்தம் வரும். நான்கு டயருக்கும் அதிக நேரம் ஆகாது. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, என்ஜினைச் சூடாக வைக்கிற கரண்ட் ஒயரை எடுத்துச் சுருட்டி வைப்பேன். அதற்காகத்தான் வெளியே வந்தேன் என்று யார் பார்த்தாலும் நினைப்பார்கள். கான்ஸ்டபிள், உங்கள் வேலையில் எல்லோரையும் சந்தேகப்படுகிறீர்கள். குளிரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அவளை அடைத்து வைத்தேன் என்று அவள் சிநேகிதி தெல்மா சொல்லியிருப்பாள். எங்கள் வீட்டில் ஒரு கதவுக்கும் நான் பூட்டுப் போட்டதில்லை. லூபாவே போக வேண்டாம் என்று முடிவு செய்வாள். வேலைக்கு அடிக்கடி லேட்டானதால் முதியோர் இல்லத்தில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். அவள் கொஞ்ச நாள் அழுதாள், பிறகு சரியாகிவிட்டாள். சாஸ்கடூன் நகரத்தில் இருக்கிற அவள் தங்கை தாரியாவைப் பார்க்கப் போவது நின்றது. கடைக்கு, சர்ச்சுக்கு, டாக்டரிடம் எல்லாம் நானே கூட்டிக்கொண்டு போனேன். "உனக்குக் கஷ்டமில்லையா?" என்று கேட்பாள். எனக்கு என்ன கஷ்டம். அந்த இரண்டு குளிர்காலங்கள்தான் எங்கள் வாழ்க்கையிலேயே நாங்கள் நிம்மதியாக இருந்த காலம். நான் நிம்மதியாக இருந்தேன். அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள்.

தெல்மா யார் என்று உங்களுக்குத் தெரியும். ஊருக்கு மேற்கே பண்ணை வைத்திருக்கிறாள், புருஷன் இறந்துவிட்டான், குரல் கொஞ்சம் பெரிது. அவள்தான் லூபாவைக் கர்லிங் ஆடக் கூப்பிட்டாள். பனித்தளத்தில் ஒரு கல்லைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவதில் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. முதல் வருடம் தெல்மா வந்து கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த வருடம் லூபாவே ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். வீட்டுக்கு வரும்போது முகம் சிவந்து, தொண்டை கட்டியிருக்கும். சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொள்வாள். நான் என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, உனக்குச் சொன்னாப் புரியாது" என்பாள்.

மேட்ச் நாட்களில் விளக்கு எரிந்தது. சில நாள் அவள் போகவில்லை, சில நாள் பயந்துகொண்டே மெதுவாகப் போய்ச் சேர்ந்தாள். ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து எல்லோரும் கர்லிங் அரங்கத்து கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். தெல்மா உருளைக்கிழங்கு வறுவலைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"ஏண்டி லூபா, உன் வீட்டு வாசல்ல மட்டும் வட துருவமா? என் வண்டி கெழட்டு வண்டி, மாட்டுக் கொட்டாய்ல நிக்குது. அதுக்கே எப்பவாவதுதான் லைட் எரியுது. உனக்கு மேட்சுன்னா எரியுதே."

"டயருக்கு மேட்ச் புடிக்கல போல" என்றான் பக்கத்து மேஜையில் இருந்த பீட்டர்.

"டயருக்கா, டயருக்குக் காத்தடிக்கிறவருக்கா?" என்றாள் தெல்மா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லூபா சிரிக்கவில்லை. எடுத்த வறுவலை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "எனக்கு ஏர் பார்க்கக் கத்துக்குடு" என்றாள்.

"எதுக்கு? நான்தான் இருக்கேனே."

"நீ இருக்கிறது எனக்குத் தெரியும். கத்துக்குடு."

ஒரு மனிதன் அந்த இடத்தில் என்ன செய்வான் என்று யோசித்துப் பாருங்கள். என் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை போய்விடக் கூடாது. அது போனால் எங்களுக்குள் வேறு என்ன மிச்சம். எங்கள் சர்ச்சின் பழைய நாட்காட்டிப்படி ஜனவரியில் வருகிற கிறிஸ்துமஸுக்கு, டயரின் காற்றழுத்தம் காட்டுகிற ஒரு நல்ல கேஜ் வாங்கினேன். இதோ பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, இதேதான். வட்டமான கண்ணாடி, பித்தளை உடம்பு. கண்ணாடியைக் கழற்றி, முள்ளை அதன் அச்சில் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். எட்டு பவுண்டு கூடவே காட்டும். காற்று இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கும்படி அதன் கீழே இருந்த சின்ன ஆணியையும் சரிசெய்தேன். அந்த வேலை கொஞ்சம் நுணுக்கமானது.

பரிசைப் பிரித்ததும் லூபாவின் கண் கலங்கிவிட்டது. "நான் உன்னப் பத்தி தப்பா நெனச்சிட்டேன், நெஸ்டர்" என்றாள். என்ன நினைத்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தேன். வண்டி ஓட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும், ஓட்டினால் டயர் சூடாகிக் கூடக் காட்டும். கேஜை நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும், சாய்த்தால் காற்று கசியும். எல்லாம் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். முள்ளைத் தவிர.

"லைட் எரியுது, ஆனா முள்ளு முப்பத்தஞ்சு காட்டுதே" என்று ஒரு நாள் கேட்டாள்.

"சென்சாருக்குள்ள குட்டியா ஒரு பேட்டரி இருக்கு. குளிருல அது படுத்துக்கும். நீ முள்ளையே நம்பு."

நம்பினாள். காற்று குறைந்த டயரில் வண்டி எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும், சேற்றில் நடக்கிற மாடு மாதிரி அசைந்து அசைந்து போகும். சில நாள் கழித்து அவளே சொன்னாள்: "முள்ளு சரியாத்தான் காட்டுது. அப்ப வண்டி இப்படி அலையறது என்னாலதான் போல. எனக்குத்தான் ஓட்ட வரல." நான் ஆமாம் என்று சொல்லவில்லை. வயசாகுதில்ல என்று மட்டும் சொன்னேன்.

அப்படியே விட்டிருந்தால் வசந்தத்துக்குள் அவளே சாவியை மாட்டி வைத்திருப்பாள். ஆனால் பிப்ரவரியில், டீமோடு வெளியூர்ப் போட்டிக்குப் போகிறேன், இரண்டு நாள் ஆகும் என்றாள். சரி என்றேன். அவள் பின்வாசலில் பூட்ஸ் தேடிக்கொண்டிருந்தபோது பூஜை மூலையைப் பார்த்தேன். மாதா படத்தைச் சுற்றி அவள் அம்மா கையால் தைத்த பூவேலைத் துணி தொங்கும். அது இல்லை. படம் மொட்டையாக இருந்தது. இரண்டு நாள் போட்டிக்கு யாரும் அதை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

நான் கோபப்படவில்லை. கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது பொய். கரண்ட் ஒயரை எடுக்க வெளியே போனேன். அன்று மூச்சு விட்டால் மூக்கு மயிர் ஒட்டிக்கொள்கிற குளிர். பின்பக்க டயர்கள் இரண்டிலும் மட்டும் காற்றை இறக்கினேன், வழக்கத்தைவிட நிறைய. அவளுடைய கேஜில் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று முள்ளை அதற்கு முந்தின நாளே இன்னும் கொஞ்சம் நகர்த்தியிருந்தேன். போட்டி என்று சொன்ன அன்றே. முன்பக்க டயரை வேண்டுமென்றேதான் தொடவில்லை. அவள் கேஜில் நான்கும் ஒத்துப்போக வேண்டுமே, அதற்காக முள் முப்பத்தைந்தைத் தாண்டாதபடி அங்கேயும் ஒரு சின்ன ஆணி வைத்திருந்தேன். முன்பக்கம் குறைந்தால் ஸ்டியரிங் கனக்கும், உடனே தெரிந்துவிடும். பின்பக்கம் குறைந்தால் நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. வளைவில்தான் பின்னால் இருப்பது முன்னால் வரப் பார்க்கும்.

அவள் வந்தாள். நான்கு டயரையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். கேஜை நேராக வைத்தாள், ஒரே அழுத்தாக அழுத்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். "எல்லாம் சரியா இருக்கு" என்றாள்.

தானிய மில் பக்கத்தில் இருக்கிற முதல் வளைவில் வண்டி லேசாக ஆடும், பயந்து திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் பக்கம் போகவில்லை. மேற்கே பண்ணைகளுக்கு நடுவே போகிற ஜல்லி ரோட்டில் திரும்பினாள். தெல்மாவின் வீட்டுக்கு அதுதான் குறுக்கு வழி. அங்கே பள்ளத்தாக்கில் ஃபோன் எடுக்காது.

கொஞ்ச நேரம் பொறுத்து பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனேன். மேட்டில் ஏறியதும் கீழே தெரிந்தது. கார் ஒரு சுற்றுச் சுற்றி, பின்புறமாகப் பள்ளத்தில் இறங்கியிருந்தது. புகைக் குழாயிலிருந்து புகை வந்தது. உள்ளே அவள் தலை அசைந்தது. உயிரோடு இருந்தாள், அடிபட்ட மாதிரி தெரியவில்லை. என் வண்டியின் பின்னால் சங்கிலி இருந்தது.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இதுதான். உடனே இறங்கிப் போய் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். தேங்க்ஸ் சொல்லிவிட்டுத் திரும்பவும் ஓட்டிக்கொண்டு போயிருப்பாள். கொஞ்சம் பயப்பட அவளுக்கு நேரம் கொடுக்க வேண்டியிருந்தது. என்ஜின் ஓடுகிறது, சூடு இருக்கிறது, வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு கூட்டுறவுக் கடைக்குப் போனேன்.

பீட்டர் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தான். "எங்கய்யா வீட்டுக்காரம்மா?"

"போட்டிக்குப் போறா. வெளியூரு."

"அதான் மூஞ்சி இவ்ளோ தெளிவா இருக்கா?" என்றான். சிரித்தோம். விதை உருளைக்கிழங்கு பற்றிப் பேசினோம். இரண்டாவது கப் ஊற்றிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நினைத்தேனே தவிர, மறந்துபோய் உட்காரவில்லை.

திரும்பிப் போனபோது தெல்மாவின் வண்டி அங்கே நின்றது. லூபா வரவில்லையே என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். லூபாவை முன்சீட்டில் உட்கார வைத்து, அவள் கைகள் இரண்டையும் தன் கோட்டுக்குள், அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கைகள் மெழுகு நிறத்தில் இருந்தன. லூபா என்னைப் பார்த்தாள்.

"எங்கய்யா போயிருந்த?" என்றாள் தெல்மா.

"காபி குடிக்க."

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பனியில் இரண்டு சாமான்கள் கிடந்தன. ஒன்று நான் கொடுத்த கேஜ். இன்னொன்று, காரில் செருகிக் காற்றடிக்கிற சின்ன பம்ப். தெல்மா அவளுக்குக் கொடுத்ததாம், எனக்குத் தெரியாது. அதிலும் ஒரு முள் இருக்கிறது.

லூபா ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். புகைக் குழாயைப் பனி அடைத்ததும், விஷப்புகை உள்ளே வந்துவிடும் என்று என்ஜினை அணைத்திருக்கிறாள். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். பிறகு இறங்கிப் பார்த்தால் பின் டயர் சப்பையாகக் கிடக்கிறது. என் கேஜை வைத்தாள், முப்பத்தைந்து. பம்பை மாட்டினாள், அதன் முள் பதினெட்டில் நின்றது. கையுறையோடு அந்தச் சின்ன வால்வைப் பிடிக்க முடியாது. கழற்றினாள். மறுபடி என் கேஜ். மறுபடி பம்ப். அடுத்த டயருக்குப் போனாள். திரும்ப முதல் டயருக்கு வந்தாள். இரும்பையும் பித்தளையையும் வெறும் கையில் பிடித்துக்கொண்டு, எது பொய் சொல்கிறது என்று அந்தக் காற்றில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "அவன் அப்படிச் செஞ்சிருக்க மாட்டான்னு நிரூபிக்கத்தான் பாத்தேன்" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் கேட்பது ஒன்றுதான். என் முள்ளை நம்பி, கையுறையைக் கழற்றாமல் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் அவள் விரல்கள் இன்று இருந்திருக்கும். இல்லையா? அவற்றைக் கொண்டுபோனது காற்று குறைந்த டயர் இல்லை. சந்தேகம். அந்தச் சந்தேகத்தை அவள் மனதில் போட்டது யார் என்பதையும் உங்கள் ரிப்போர்ட்டில் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன்.

காற்றை இறக்கியது நான். முள்ளை நகர்த்தியது நான். பள்ளத்தில் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதும் நான்தான். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று இருக்கக் கூடாது. வலது கையில் கட்டைவிரல்தான் மிஞ்சும், இனி அவரால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

என்னை வார்டுக்குள் விடக் கூடாது என்று அவள் நர்ஸிடம் சொல்லியிருக்கிறாளாம். மருந்து மயக்கத்தில் மனிதர்கள் என்னென்னவோ சொல்வார்கள். அடுத்த வாரம் டிஸ்சார்ஜ் என்கிறார்கள், குளிரும் இன்னும் விடுகிற மாதிரி தெரியவில்லை. தெல்மா கண்ணுமண்ணு தெரியாமல் ஓட்டுவாள், கான்ஸ்டபிள். லூபாவைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்க என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.